நீக்கமா, இடைநிறுத்தமா? தெளிவாப் போடுங்கோ

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

ஊழல் விவகாரம் ஒண்டு வெளிய வந்தா அரசாங்கத்திட்ட இருந்து ஒரு அறிக்கை வரும், அடுத்த நாள் தமிழ்ப் பேப்பர்ல 'அதிகாரி பணிநீக்கம்' எண்டு கொட்டை எழுத்தில தலைப்பு வரும், சனமும் சரி ஆளைக் கலைச்சுப் போட்டாங்கள் எண்டு தங்கட அலுவலைப் பாக்கப் போயிடும். ஆனா சிங்கள அறிக்கையை எடுத்து வாசிச்சா அதில கிடக்கிறது 'வெட தஹனம்'. அது பணிநீக்கமே இல்லை. விசாரணை முடியுமட்டும் வேலைக்கு வராதே எண்டுற இடைநிறுத்தம். உண்மையா வேலையால நிப்பாட்டினா அதுக்கு 'சேவயென் பஹ கிரீம' எண்டு வேற சொல் இருக்கு. ரெண்டும் மலையும் மடுவும்.

இதை நான் சும்மா சொல்லேல்லை. அப்பா செத்தாப் பிறகு காணி அலுவலா அம்மாவோட ஒரு அரச அலுவலகத்துக்கு ஏறி இறங்கினனான். கவுண்டர்ல இருந்தவர் எங்கட ஃபைலை மூடி அதுக்கு மேல கையை வச்சுக்கொண்டு, ஐயாயிரம் தந்தா நாளைக்கே முடியும் எண்டு அம்மாட்ட நேராக் கேட்டவர். நாங்கள் குடுக்கேல்லை, முறைப்பாடு குடுத்தம். வேற ஆக்களும் குடுத்திருக்க வேணும், கொஞ்ச நாளில அங்க மூண்டு பேர் பணிநீக்கம் எண்டு செய்தி வந்தது, அம்மா அதை வெட்டி சாமித்தட்டில வச்சவ. ஏழு மாசத்தால திரும்பப் போறம், அதே கவுண்டர், அதே ஆள். அம்மா என்ர கையை இறுக்கிப் பிடிச்சு 'இவரை நீக்கினது எண்டெல்லே போட்டவை' எண்டு மெதுவாக் கேட்டா. இனி முறைப்பாடு எண்டு அவ வாயே திறக்கமாட்டா.

மேல்மட்டத்திலயும் இதே குழப்பம்தான். தரமில்லாத இமியூனோகுளோபியுலின் மருந்து விவகாரம் வெடிச்சு, 2023 ஒக்டோபரில கெஹெலிய ரம்புக்வெல்லவை சுகாதார அமைச்சால எடுத்தவை, ஆனா சுற்றாடல் அமைச்சைக் குடுத்து அமைச்சரவையிலயே வச்சிருந்தவை. 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைதாகினாப் பிறகுதான் அவர் அமைச்சர் பதவியை விட்டவர். பொலிஸ் மா அதிபரா இருந்த தேசபந்து தென்னகோனை 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி நீக்கினது அப்பிடியில்லை. அது ஊழல் விசயம் இல்லை, அதிகார துஷ்பிரயோகம், ஆனா எந்தச் சட்டம் (2002ஆம் ஆண்டு 5ஆம் இலக்கம்), எந்தக் குழு விசாரிச்சது, நாடாளுமன்றத்தில எத்தினை வாக்கு (177) எண்டு எல்லாம் வெட்ட வெளிச்சமா இருந்தது.

சின்ன உத்தியோகத்தர் விசயத்திலயும் அந்தத் தெளிவு வேணும். இடமாற்றமா, கட்டாய லீவா, இடைநிறுத்தமா, நீக்கமா எண்டும், கட்டளை போட்டது திணைக்களத் தலைவரா அரசாங்க சேவை ஆணைக்குழுவா எண்டும், ஃபைல் இலஞ்ச ஆணைக்குழுவுக்குப் போச்சுதா எண்டும் அறிக்கையிலயே இருக்கட்டும், மூண்டு மொழியிலயும் ஒரே நாளில. விசாரணையில சுத்தவாளி எண்டு வாறவருக்கும் இது நல்லதுதானே, செய்யாத குத்தத்துக்கு ஊர் முழுக்க நீக்கப்பட்டவர் எண்டு பேரெடுக்கிறது பெரிய கொடுமை. விசாரணை முடிஞ்சு ஆளைத் திரும்ப எடுத்தா அதுக்கும் காரணத்தோட ஒரு அறிக்கை விடோணும், இப்ப அது மட்டும் வாறதே இல்லை.

உங்களிட்டயும் ஒரு கேள்வி ஆசிரியர். 'வெட தஹனம்' எண்டு வந்தா 'பணி இடைநிறுத்தம்' எண்டு போடச் சொல்லி உங்கட செய்தி மேசைக்கு ஒரு சொல் சொல்லுவியளோ?

இப்படிக்கு,
ஒரு வாசகி
வெள்ளவத்தை, கொழும்பு 06