மனமில்லையா எங்களுக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வகுப்பறைத் தொழில்நுட்பம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் "கருவிகள் வந்துவிட்டன, ஆசிரியர்களுக்குத்தான் மாற மனமில்லை" என்று ஒரு வரி இருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 26 வருடமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன்.

என்னோடு வேலை பார்த்த மூத்த ஆசிரியர் ஒருவர், ஸ்மார்ட் போர்டு வந்த முதல் வாரமே ஆசையாக அதில் எழுதப் போனார். பேனா ஓரிடம், கோடு நாலு விரற்கடை தள்ளி. கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து வந்து நொடியில் சரிசெய்தான், வகுப்பே கைதட்டியது. அவரும் சிரித்தார், ஆனால் சாக்பீஸ் எடுத்த விரல்கள் நடுங்கியதை வாசலில் நின்ற நான் பார்த்தேன். அதற்கப்புறம் அவர் அதைத் தொடவே இல்லை. வாத்தியாருக்குத் தெரியாதது இருக்கக்கூடாது என்று சொல்லியே வளர்ந்தவர் வேறென்ன செய்வார்?

மேலே இருப்பவர், கீழே இருப்பவர் என்ற ஏற்றத்தாழ்வை ஒரு சமூகம் எவ்வளவு இயல்பாக ஏற்கிறது என்பதை, ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த ஆய்வை வைத்துப் பண்பாட்டு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெட் 1980இல் 'அதிகார இடைவெளி' என்று எழுதியது உங்களுக்குத் தெரியாததல்ல. புதுக் கருவியை மக்கள் ஏற்பார்களா என்பதற்கு, அது பயன்படுமா, கையாள எளிதா என்று 1989இல் டேவிஸ் என்ற ஆய்வாளர் இரண்டு கேள்விகளை வைத்தார். சுற்றியிருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதையும் அவரும் வெங்கடேஷ் என்ற ஆய்வாளரும் 2000இல் சேர்த்தார்கள். எங்கள் ஸ்டாஃப் ரூமில் அதுதான் முதல் கேள்வி. மூத்தவர் இளையவரிடம் கேட்கக் கூசுகிறார், இளையவர் மூத்தவருக்குச் சொல்லித்தரத் தயங்குகிறார், மேலிருந்து வரும் உத்தரவுக்கு எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பழையபடி நடத்துகிறோம். பயிற்சி என்று வந்தால் ஒரே ஒரு மதியம், அதுவும் வகுப்பெடுத்தே பழகாதவர் வந்து நடத்துவது. வருகைப்பதிவை ஆப்பிலும் போட வேண்டும், நோட்டிலும் எழுத வேண்டும். இதையெல்லாம் பற்றி உங்கள் பத்திரிகையில் ஒரு வரி வந்ததாக எனக்கு நினைவில்லை.

2020இல் பள்ளிகளை மூடியபோது இதே நாங்கள்தான் சில நாட்களில் வீடியோவில் பாடம் நடத்தக் கற்றுக்கொண்டோம். அந்த மூத்தவரும்தான். மைக்கை ஆன் செய்யாமலே பத்து நிமிடம் பேசியிருக்கிறார், நானும் பேசியிருக்கிறேன். அப்போது எல்லோருமே தடுமாறினோம், அதனால் யாருக்கும் வெட்கமில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். இணையப் பதிப்பிலாவது அந்த 'மனமில்லை'யை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை எழுதுவதற்கு முன், வகுப்பில் நிற்கிற ஒருவரிடமாவது கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை