உறியும் நார்க்கலைதான்

ஆசிரியருக்கு,

வணக்கம். நார்க்கலை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். கயிற்றைக் கையாலேயே முடிந்து செய்யும் மேக்ரமேயின் முடிச்சுகளைப் பற்றி அத்தனை விரிவாக எழுதியவர், பானையைத் தொங்கவிடும் நம் கயிற்று உறியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே என்று மனம் ஆறவில்லை.

பாலக்காட்டின் இந்த எல்லைப் பக்கத்தில், எங்கள் வீட்டில் புளிச்சைச் செடியின் நாரில்தான் கயிறு. தண்டை அறுத்துக் குட்டையில் ஊறப்போட்டு, தோல் அழுகியதும் நாரை உரித்து அலசிக் காயவைப்பார் என் அம்மாயி (அம்மாவின் அம்மா). அந்த வாடை நாள்கணக்கில் கையை விட்டுப் போகாது. பிறகு தொடையில் உருட்டித் திரிப்பார். புரி ஒவ்வொன்றையும் ஒரு பக்கமாக முறுக்கி, இரண்டையும் சேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்க வேண்டும்; அப்போதுதான் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு பிரியாமல் நிற்கும். மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு எல்லாம் திரித்தது போக மிஞ்சிய நாரில் உறி. ஜன்னல் கம்பியில் தலைமுடிச்சைப் போட்டுவிட்டுக் கீழ்நோக்கி முடிந்துகொண்டே வருவார். அளவுகோல் கிடையாது, முடிச்சுக்கு முடிச்சு நான்கு விரல், அவ்வளவுதான். மோர்ப்பானையை அவ்வப்போது உள்ளே வைத்துப் பார்த்து, தளர்ந்த கண்ணியை அவிழ்த்து மறுபடி முடிவார்.

இந்தியச் சிற்பி மிருணாளினி முகர்ஜியின் (1949–2015) நார்ச் சிற்பங்களைப் படத்தில் பார்த்தபோது எனக்கு அம்மாயியின் ஜன்னல்தான் கண்முன் வந்தது. நார்க்கயிற்றுக்குச் சாயமேற்றி, தறியில்லாமல், முன்கூட்டி வரைந்துகொள்ளாமல், கையாலேயே முடிந்து முடிந்து ஆளுயர உருவங்களை எழுப்பியவர் அவர். 1984இல் அவர் செய்த ஒன்றுக்கு 'யக்ஷி' என்றே பெயர். மலம்புழா அணைத் தோட்டத்து யக்ஷி சிலையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தப் பெயர் அந்நியமா என்ன?

பரோடாவில் கலை படித்தபோது அவருக்கு ஆசிரியராக இருந்த ஓவியர் கே.ஜி.சுப்ரமணியன், பாலக்காட்டைப் பூர்விகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தில் 1924இல் பிறந்தவர். கைத்தறி வாரியத்தில் வேலை பார்த்தவர். கைவினை வேறு, கலை வேறு என்ற பிரிவினையை ஏற்காதவர். இந்த இருவரைப் பற்றியும் கட்டுரையில் ஒரு பத்தியாவது இருந்திருக்க வேண்டும்.

உறி முடியத் தெரிந்த பாட்டிகள் எங்கள் பக்கத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தங்கள் நிருபர் ஒருவரைச் சீக்கிரம் அனுப்புங்கள், நானே அழைத்துப் போகிறேன். அம்மாயி கடைசியாகக் கட்டிய உறி என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு கண்ணியை எலி கடித்திருக்கிறது. அந்த முடிச்சை அவர்களில் ஒருவரிடம்தான் நானும் கேட்டுக் கற்க வேண்டும்.

– ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.