பெலோட்டஸ் ஊரில் இருக்கும் விட்டோர் ராமிலுக்கு

அன்புள்ள விட்டோர் ராமில் அவர்களுக்கு,

பாட்டெழுதிப் பாடுகிற நீங்கள் ரியோ டி ஜெனீரோவை விட்டுவிட்டு, பிரேசிலின் தென்கோடியில் இருக்கும் ஊருக்கு ஏன் திரும்பினீர்கள் என்று பலரும் உங்களைக் கேட்டிருப்பார்கள். நான் கேட்கப்போவதில்லை. எனக்கு இருப்பது வேறொரு சண்டை, அதுவும் பிரியத்தில் வருவது.

1981இல் முதல் ஆல்பம் வந்தபோது உங்களுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. அண்ணன்கள் கிளெய்ட்டனும் கிளெடிரும் அதற்குள் பிரேசில் முழுக்கத் தெரிந்த பாட்டு ஜோடி. உங்களுக்கும் பெரிய இசைக் கம்பெனிகளின் கதவு திறந்தே இருந்தது. உங்கள் ரசிகர்களில் சிலர் அந்த எண்பதுகளை ஏதோ வழிதவறிய காலம் போலப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1987இல் வந்த 'டாங்கோ' ஆல்பத்தில் உங்கள் பேனா நன்றாகவே பழுத்துவிட்டது.

அப்புறம் ரியோவின் கோபகபானாவில் நீங்கள் இருந்த அந்த நாள். ஜூன் மாதம், ரியோவில் வெக்கை. டிவி செய்தியில் முதலில் வடகிழக்கின் தெருக்கொண்டாட்டம். அடுத்து, தெற்கே உங்கள் ஊர்ப்பக்கம் புல்வெளியெல்லாம் உறைபனி. அதை மட்டும் ஏதோ வெளிநாட்டைக் காட்டுவது போலக் காட்டினார்கள். நீங்களோ அந்தக் குளிரைத்தான் உங்களுடையது என்று உணர்ந்தீர்கள். அதிலிருந்து பிறந்தது 'குளிரின் அழகியல்' என்ற உங்கள் கருத்து. 2003இல் ஜெனீவாவில் உரையாகவும் பேசினீர்கள். பிரேசிலின் ஓரத்தில் நாங்கள் இல்லை, வேறொரு வரலாற்றின் நடுவில் இருக்கிறோம் என்றீர்கள். உருகுவே, அர்ஜென்டினாவோடு சேர்த்துப் பார்த்தால் அது சரிதான். இந்த மூன்று நாட்டுக்கும் பொதுவான மிலோங்கா எல்லைச் சாவடியில் நின்றுவிடுகிற இசை இல்லையே.

என் சண்டை, அந்த அழகியலுக்கு நீங்கள் சொன்ன ஏழு குணங்களில் ஒன்றோடு. கட்டுக்கோப்பு, ஆழம், தெளிவு, சுருக்கம், லேசு, துயரம் எல்லாம் சரி. 'தூய்மை' எதற்கு? உப்புக்கண்டம் போட்ட மாட்டிறைச்சியில் பணம் பார்த்த ஊர் பெலோட்டஸ்; அந்தக் கொட்டகைகளில் உழைத்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து அந்தச் சொல் வரும்போது கொஞ்சம் உறுத்துகிறது.

உங்கள் இசையே அதை மறுக்கிறது. 1997இன் 'ராமிலோங்கா' ஆல்பத்தைப் போட்டால், கௌச்சோ எனப்படும் சமவெளி மாட்டுக்காரர்களின் பாட்டுக்கு நடுவே சித்தாரும் தபலாவும்! இந்தியக் காதுக்கு முதலில் சந்தேகம்தான் வரும்: இந்தியா என்றாலே ஊதுபத்தி கொளுத்துகிற இன்னொருவரோ? இல்லை. மேடே இல்லாத சமவெளி எவ்வளவு நீளம் என்று சொல்ல உங்களுக்கு நீண்டு ஒலிக்கும் ஒரு தந்தி தேவைப்பட்டது, அவ்வளவுதான். அலெக்ரெட்டேக்காரரான ஜுவாவ் ட குன்யா வர்கஸின் கவிதையில் ஒருவன் திக்குத் தெரியாமல் குதிரையேறிப் போகிறான். நீங்கள் பாடும்போது அதில் விழா மேடையின் கௌச்சோ வேஷம் கொஞ்சமும் இல்லை.

ஊர் பெயரைத் திருப்பிப் போட்டு 'சட்டோலெப்' என்று சொந்த இசை லேபிள் வைத்தபின் உங்கள் வட்டம் சுருங்கவில்லை. பதிவுக்கு ப்யூனஸ் அய்ரெஸ் போனீர்கள், அர்ஜென்டின இசைக்கலைஞர் பெட்ரோ அஸ்னாரோடு. 2010இன் 'டெலிபாப்' ஆல்பத்தில் அர்ஜென்டின எழுத்தாளர் போர்ஹெஸின் கவிதைகளும் வர்கஸின் கவிதைகளும் பக்கத்துப் பக்கத்தில். கூடவே கார்லோஸ் மொஸ்கார்டினியின் கிட்டார். ஒரு பாட்டுக்கு, பிரேசிலின் பெரும் பாடகர் கயெட்டானோ வெலோசோவே வந்தார். 2017 ஆல்பத்துக்கு நீங்கள் வைத்த 'காம்போஸ் நெயுட்ராய்ஸ்' என்ற பெயரும், 1777 ஒப்பந்தத்தில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் யாருக்கும் இல்லை என்று விட்டுவைத்த நிலத்தினுடையது. இத்தனை கலப்பும் செய்துவிட்டுத் தூய்மை என்கிறீர்களே!

அந்த உரையை எப்போதாவது திருத்தி எழுதினால் ஆறு குணமே போதும் என்று பாருங்கள். ஏழுதான் வேண்டுமென்றால், காலியாகும் இடத்தில் பிடிவாதத்தைப் போடுங்கள்.

அன்புடன்,
தூரத்து ரசிகர் ஒருவர்