விடியுமுன் படி கூட்டிய ஆன்ட்டிக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

இன்று காலை என் மகள் மூக்கில் துணி கட்டாமல் படி இறங்கிப் போனாள். கீழே நின்று பக்கத்து வீட்டுக் கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. நன்றி சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று பல நாளாக நினைத்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டு வந்தேன். இன்றைக்கு எழுதாவிட்டால் மனசு ஆறாது.

இந்த 2021 ஏப்ரலில் எங்களுக்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்கெல்லாம் தெரியும். கரீபியன் கடலில் நாங்கள் இருந்த செயின்ட் வின்சென்ட் தீவில் சூஃப்ரியேர் எரிமலை வெடித்துச் சாம்பலாய்க் கொட்டிய செய்தியைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து அழைத்தவர்கள், லைன் கிடைக்காமல் தவித்தவர்கள், எங்களுக்காகக் கோயிலில் அர்ச்சனை செய்தவர்கள் எல்லோரும் இதைப் படிப்பீர்கள். அந்தக் கதையை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

முதலில் செயின்ட் வின்சென்ட் மக்களுக்கு நன்றி. ஏப்ரல் 8 மாலை வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்ததும் எங்களை வேனில் ஏற்றித் தெற்கே கொண்டுபோய் விட்டு, ஒரு டாலர்கூட வாங்க மறுத்த ஓட்டுநர். பள்ளிக்கூட முகாமில் எங்களுக்குச் சமைத்துப் போட்ட பெண்கள். குழாயில் தண்ணீர் நின்றுபோன நாட்களில் தங்கள் தொட்டியிலிருந்து மொண்டு கொடுத்த வீடுகள். மலை என்ன செய்கிறது, அடுத்து என்ன செய்யக்கூடும் என்று ரேடியோவில் பதற்றமில்லாமல் சொல்லிக்கொண்டே இருந்த எரிமலை ஆய்வாளர், பேராசிரியர் ரிச்சர்ட் ராபர்ட்சன். அவரும் அந்தத் தீவில் பிறந்தவர்தான். அவர் குரல் கேட்டால்தான் எங்கள் அறையில் தூக்கம் வரும். 1902இல் இதே மலை சுமார் 1,600 பேரைக் கொன்றது. இந்த முறை வெடிப்பில் ஒரு உயிர்கூடப் போகவில்லை என்றால், அதற்குப் பின்னால் எத்தனை பேர் கண் விழித்திருக்க வேண்டும்!

ஜூன் 1 அன்றும் முகாமில்தான் இருந்தோம். மதராஸிலிருந்து புறப்பட்ட ‘டிராவன்கோர்’ கப்பல் 1861இல் அதே நாளில்தான் முதல் இந்தியத் தொழிலாளர்களை அந்தத் தீவில் கொண்டுவந்து இறக்கியது. 160 வருடம். “எங்க பாட்டனோட பாட்டன் உங்க ஊர்தான்” என்று சொல்லி ஒரு பெரியவர் என் மகளுக்கு ஒரு மாம்பழம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. ஐயா, உங்களுக்கும் நன்றி.

அப்புறம் ஜூலை தொடக்கத்தில் எல்சா புயல். மிச்சமிருந்த நம்பிக்கையும் அதோடு போயிற்று. என் கணவருக்குத் தென் அமெரிக்காவில் இருக்கிற கயானாவில் லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்ததும் புறப்பட்டுவிட்டோம். செயின்ட் வின்சென்டில் எங்கள் ஊரான ஜார்ஜ்டவுனை விட்டு, கயானாவின் தலைநகரான இன்னொரு ஜார்ஜ்டவுனில் வந்து இறங்கினோம். சென்னை ஜார்ஜ் டவுனில்தான் என் அப்பா கடை வைத்திருந்தார். விமான நிலையத்துக்கு வெளியே வந்து பெயர்ப்பலகையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

விசா காகிதங்களுக்காக அலைந்த நண்பர்கள், இரண்டு மாத வாடகை பிறகு கொடுத்தால் போதும் என்ற வீட்டுக்காரர், பாத்திரமும் மெத்தையும் கொசுவலையும் கொண்டுவந்து போட்ட தெருக்காரர்கள், தங்கள் நெல் தண்ணீரில் போன பிறகும் எங்களுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பிய குடும்பம், உங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக எழுத வேண்டும். இங்கே சேர்த்துச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

“கயானாவில் இடத்துக்கா பஞ்சம்?” என்று ஊரில் கேட்டார்கள். வரைபடத்தில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தமிழ்நாட்டைவிடப் பெரிய நாடு, ஜனத்தொகை பத்து லட்சத்துக்கும் குறைவு. ஆனால் பெரும்பாலோர் வாழ்வது கடலோரத்தில் ஒரு நாடா அகலத்துக்குத்தான். மற்றதெல்லாம் காடும் ஆறும் புல்வெளியும். அந்தக் கரையும் கடல் ஏறும்போது கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிற மண். சுவர் கட்டி, வாய்க்கால் வெட்டி, மதகு திறந்து மூடித்தான் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இந்த மே, ஜூனில் அந்த மண்ணும் முழுகியது. நாடு முழுக்கப் பேரிடர் என்று ஜனாதிபதி அறிவித்தார். நாங்கள் வந்து சேர்ந்தபோது எங்கள் தெருவில் வீட்டுத் தூண்களில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக்கோடு காய்ந்துகூட முடியவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள்.

இனி ஆன்ட்டி. அவர் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்து வீடு. எழுபதைத் தாண்டியவர். கயானாவின் கிழக்கே கொரன்டைன் கரையில் கரும்புத் தோட்டத்தை ஒட்டிய கிராமம் இது. மதராஸிலிருந்து வந்தவர்களின் வம்சம் என்பதால் ஆன்ட்டியின் குடும்பத்தை இங்கே ‘மதராசி’ என்பார்கள். தமிழ் பேச வராது. ஆனால் கறிவேப்பிலையைக் ‘காரப்புள்ளே’ என்பார். வெள்ளத்தில் அவருடைய தோட்டம் முழுக்க அழுகிப்போயிருந்தது. ‘போரா’ என்று இங்கே சொல்லும் நீளக் காராமணி, வெண்டை, கத்தரி எதுவும் மிஞ்சவில்லை. பிழைத்தது, வாளியோடு தூக்கி மாடியில் வைத்த அந்தக் கறிவேப்பிலைக் கன்று மட்டும்.

நாங்கள் வந்து கொஞ்ச நாளில் கரும்பு வெட்டு தொடங்கியது. வெட்டுவதற்கு முன் வயலுக்குத் தீ வைத்துக் கரும்பின் காய்ந்த இலையை, சோகையை, எரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒரு மத்தியானம் மகள் படியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். வானத்திலிருந்து கறுப்புக் கறுப்பாய், விரல் நீளத்துக்கு, சத்தமே இல்லாமல் சாம்பல் இறங்க ஆரம்பித்தது. அவள் தாள்மேல் ஒன்று விழுந்தது. அவள் கத்தவில்லை. எழுந்து உள்ளே ஓடி ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினாள். தலையணை உறையை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். ஆறு வயதுக் குழந்தை. ராத்திரிவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜன்னல்கள் படபடவென்று மூடிய சத்தம் கேட்டு ஆன்ட்டி வந்தார். என்ன என்று கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

மறுநாள் எரிந்த கரும்பு ஒன்றோடு வந்தார். வெளியே கரிக்கட்டை மாதிரி இருந்தது. குழந்தை பார்க்கும்படி தரையில் உட்கார்ந்து, கத்தியால் மெதுவாகச் சீவினார். கறுப்புத் தோல் சுருள் சுருளாக விழ, உள்ளே வெள்ளையாய், சாறு சொட்டச் சொட்ட. ஒரு துண்டு நறுக்கி அவள் கையில் கொடுத்தார். “நேத்து பறந்தது இதோட இலைதான்” என்றார். அவள் கடித்தாள். ஆனாலும் மூக்குத் துணியை அவிழ்க்கவில்லை.

அதற்கப்புறம் நடந்தது எனக்கு ஒரு வாரம் தெரியாது. ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். வெளியே சரக் சரக் என்று சத்தம். நம் ஊர் ஈர்க்குமாறு சத்தம். இங்கேயும் தென்னை ஈர்க்கில்தான் துடைப்பம் கட்டுகிறார்கள். கதவைத் திறந்தால் ஆன்ட்டி எங்கள் படிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். பதினாலு படி. கூட்டி முடித்து, ஈரத்துணியால் கைப்பிடியைத் துடைத்து, கீழே வாசலில் தண்ணீர் தெளித்தார். ராத்திரி விழுந்த சாம்பல் ஒரு பொட்டு இல்லை.

“ஏன் ஆன்ட்டி?” என்றேன்.

“புள்ள முழிக்கிறப்போ கறுப்பா எதுவும் கண்ணுல படக்கூடாது” என்றார். அவ்வளவுதான். முட்டியைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுப் படி ஏறிப் போனார்.

நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏப்ரலிலிருந்து எத்தனையோ படிவம் பூர்த்தி செய்தோம். எத்தனை பேர், என்ன மருந்து, என்ன அளவு செருப்பு என்று கேட்டார்கள், கொடுத்தார்கள். அவர்களையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பெற்ற தாய் நான் ‘பயப்படாதே, பயப்படாதே’ என்று சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, துடைப்பத்தை எடுக்கத் தோன்றவில்லை. தன் தோட்டத்தை வெள்ளத்துக்குக் கொடுத்துவிட்டு நின்ற ஒரு வயதானவருக்குத் தோன்றியது.

அதோடும் விடவில்லை. அவர் பேரன் கரும்பு வெட்டுகிறவன். எந்த வயலுக்கு என்றைக்குத் தீ வைக்கிறார்கள் என்று அவனிடம் கேட்டு, வேலிக்கு மேலாக எனக்குச் சொல்லிவிடுவார். “இன்னைக்குத் துணி காயப்போடாதே. மூணு மணிக்கு.” முன்பே தெரிந்துவிட்டதால் மகளும் தயாராக இருப்பாள். சாம்பல் சொல்லிவிட்டு வர ஆரம்பித்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக அதன் பயம் குறைந்தது. போன வாரம் ஜன்னலைத் தானே திறந்து எட்டிப் பார்த்தாள். இன்று காலை கோழி விரட்டினாள்.

ஆன்ட்டி கூட்டிக்கொண்டு போய்த்தான் இங்குள்ள மாரியம்மன் கோயிலைப் பார்த்தேன். தப்பு அடிக்கிறார்கள், கரகம் எடுக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக வாய்வழி வந்த தமிழ்ப் பாட்டு, பாடுகிறவர்களுக்கே அர்த்தம் தெரியாமல், உச்சரிப்பு தேய்ந்து தேய்ந்து, அப்படியும் ‘தாயே’ என்ற இடம் மட்டும் துல்லியமாக விழுகிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அம்மன் முன்னால் நின்று ஒரு நேர்த்திக்கடன் வேண்டிக்கொண்டேன். அந்தப் பாட்டுகளை வரி வரியாகக் கேட்டு எழுதி, தெரிந்தவரை அர்த்தம் சொல்லிக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரம்பித்துவிட்டேன். பூசாரி ஒரு பழைய நோட்டு கொடுத்திருக்கிறார். சில வார்த்தைகள் எனக்கும் புரியவில்லை. அம்மன் தாலாட்டு, மாரியம்மன் கும்மி தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து உதவுங்கள்.

ஆன்ட்டி, இது உங்களுக்குப் படிக்க வராது. சாயங்காலம் வந்து ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்கிறேன். நடுவில் எழுந்து சமையலறைக்குப் போய்விடக் கூடாது.

நாளை வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயலில் தீ வைக்கிறார்களாம். துணியெல்லாம் எடுத்து உள்ளே போட்டுவிட்டேன். நாளை மறுநாள் விடியற்காலையில் தன்னையும் எழுப்பச் சொல்லியிருக்கிறாள் மகள். கீழ் ஏழு படி அவளுக்காம், மேல் ஏழு ஆன்ட்டிக்காம்.