நாயோடு ஓடுமுன் நிற்கப் பழக்குவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நம் சிங்கப்பூரின் பூங்கா இணைப்புப் பாதைகளில் மெதுவோட்டம் ஓடுகிறவர்கள் நாயைக் கூட்டிவரத் தடை வேண்டும் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நாய்க் கயிறு காலில் சிக்கி, விழப்போய்த் தப்பித்ததாகவும் சொல்லியிருந்தார். அவருடைய கோபம் நியாயமானது. என் நாய் ஒருவரை விழவே வைத்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

மிளகு என்ற எங்கள் நாய் கலப்பினம், ஒன்றே முக்கால் வயது. அரசாங்க அடுக்குமாடி (வீவக) வீடுகளில் கலப்பின நாய்களைத் தத்தெடுக்க வழிசெய்து 2012ல் தொடங்கிய 'அடோர்' திட்டத்தின்கீழ் தத்தெடுத்தோம். அந்தத் திட்டம் இல்லாவிட்டால் வீவக வீட்டில் இந்த உயரத்துக்கு ஒரு நாயை வைத்திருக்கவே முடியாது. கீழ்ப்படிதல் பயிற்சி கட்டாயம் என்பதால் என் மகன் வகுப்புக்குக் கூட்டிப்போனான். மிளகு உட்காரும், காத்திருக்கும், கூப்பிட்டால் வரும். பிறகு மகன் கட்டாய ராணுவப் பயிற்சியான தேசியச் சேவைக்குப் போய்விட்டான். வெள்ளி இரவு வந்து ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்புகிறவன் நாயை எப்போது ஓடவைப்பான்? பத்து மாத நாயின் துள்ளல் மொத்தமும் என் கைக்கு வந்தது. எனக்கு வயது 53, சர்க்கரை இருக்கிறது. வேர்க்க விறுவிறுக்க நட, முடிந்தால் ஓடு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இரண்டு வேலையையும் ஒன்றாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டேன்.

பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் கான்கிரீட் கால்வாயாகக் கிடந்த காலாங் ஆற்றை, புல்லும் கல்லுமாகக் கரை அமைத்து 2012ல் திறந்தார்கள். இப்போது அங்கே நீர்நாய்கள் குடும்பத்தோடு கரையேறுகின்றன. ஒரு மாலை அப்படி ஏறியவற்றைப் பார்த்து மிளகு பாய்ந்தது. என் கையில் இருந்தது, பிடியிலிருந்து தானாக நீளும் கயிறு. பாதைக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் அது விறைத்து நின்றது. எதிரே ஓடிவந்த சீனப் பெரியவர் தடுக்கி விழுந்தார். முழங்காலும் உள்ளங்கையும் சிராய்த்து ரத்தம். நான் நடுங்கிப்போய் நின்றேன். அவர் எழுந்து, காயத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, கயிறு ரொம்ப நீளம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

அன்றிரவே அந்தக் கயிற்றைத் தூக்கி எறிந்தேன். பூங்காவில் கயிறு கட்ட வேண்டும் என்ற விதியை நான் மீறவில்லை. ஆனால் ஐந்து மீட்டர் நீளும் கயிறு, ஆள் நடமாடும் பாதையில், கட்டாத நாயைவிட மோசம். இப்போது எங்களுடையது நான்கடிக் கயிறு. அதைக் கழுத்தில் மாட்டுவதில்லை, மார்புப் பட்டையில் மாட்டுகிறேன். இளம் நாய் திடீரென்று பாயும்போது கழுத்துப்பட்டை தொண்டையை இறுக்கிவிடும்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நாங்கள் பூங்காப் பக்கமே போகவில்லை. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத் திறந்தவெளியான வாய்ட் டெக்தான் பள்ளிக்கூடம். ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரை நடப்போம். கயிறு தளர்வாக இருந்தால் என் இடது காலுக்குப் பக்கத்திலேயே உப்பில்லாமல் அவித்த கோழித் துண்டு ஒன்று கிடைக்கும். கயிறு விறைத்தால் நான் நின்றுவிடுவேன். இழுக்கமாட்டேன், பேசமாட்டேன். அது திரும்பிப் பார்த்து, கயிறு தளர்ந்த பிறகுதான் அடுத்த அடி. முதல் வாரம் ஒரு தூணைத் தாண்டவே பத்து நிமிடம் ஆனது. பாட்டில் பொறுக்க வரும் பாட்டி எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு போவார்.

நடை சரியான பிறகு ஐந்தடி ஓட்டம், உடனே "நில்லு". மறுபடி ஐந்தடி, மறுபடி "நில்லு". ஓட ஆரம்பித்ததுமே மிளகு துள்ளிக் கயிற்றைக் கடிக்கும், என் சட்டை நுனியைப் பிடித்து இழுக்கும். கத்தினால் அதற்கு அது இன்னொரு விளையாட்டு. அசையாமல் நிற்பேன். நான்கு காலும் தரையில் பட்டதும் மெதுவாக நடப்பேன். ஓட்டம்தான் அதற்குப் பரிசு, அடங்கினால்தான் ஓட்டம் கிடைக்கும் என்பதை அது புரிந்துகொள்ள மூன்று வாரம் பிடித்தது. ஐந்தடி இருபதானது, இருபது ஒரு புளோக்கைச் சுற்றுவதானது. நீண்ட ஓட்டம் மட்டும் பதினைந்து மாதம் முடிந்த பிறகுதான். எலும்பு முனைகள் முற்றுமுன் கெட்டித் தரையில் தொடர்ந்து ஓடவிட்டால் மூட்டுக்குக் கேடு என்று விலங்கு மருத்துவர் எச்சரித்திருந்தார்.

சைக்கிளுக்குத் தனிப் பாடம். இணைப்புப் பாதையில் மணிக்கு 25 கி.மீ. வரை சைக்கிள் வரலாம், அந்த வேகத்தில் வருவதைத் துரத்தத்தான் இளம் நாய்க்குத் தோன்றும். பாதையிலிருந்து நன்றாகத் தள்ளிப் புல்லில் உட்கார்ந்துகொண்டோம். சைக்கிள் கண்ணில் பட்டதும், மிளகு எழும்புமுன் கோழித் துண்டு. நாளுக்கு நாள் பாதையை நெருங்கினோம். இன்று மணிச் சத்தம் கேட்டாலே அது என் முகத்தைப் பார்க்கிறது.

காலை ஆறேகாலுக்குக் கிளம்புகிறோம். சூரியன் வர ஏழு மணி ஆகிவிடும், அதற்குள் வீடு திரும்ப வேண்டும். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதுவும் சரியாக நடப்பதில்லை. நாக்கு அகலமாகத் தொங்கி எச்சில் கெட்டியானால் அன்றைய ஓட்டம் அதோடு சரி. கிளம்பியதும் பத்து நிமிடம் புல்லை மோந்து பார்க்க விடுவேன். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்காத நாட்களில்தான் வழியெல்லாம் இழுபறி. "ஓடலாம்" என்ற சொல் வந்த பிறகே ஓட்டம்.

நாய் வளர்க்காதவர்களிடமும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். ஓடும் நாயைப் பார்த்து விசிலடிக்காதீர்கள், கையை நீட்டிக் கூப்பிடாதீர்கள். ஒரு மாதப் பழக்கம் அந்த ஒரு விசிலில் கலைந்துபோகிறது. "சாப்பிடாவிட்டால் நாயிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்று நம் வீடுகளில் இன்னமும் பிள்ளைகளை மிரட்டுகிறோம். அந்தப் பிள்ளை பாதையில் நாயைக் கண்டதும் அலறி ஓடுகிறது, துரத்தும் வயதில் இருக்கும் நாய் பின்னாலேயே போகிறது. பிள்ளையை அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்திலும் கடமை உண்டு. மின்தூக்கியில், நாய் மேலே படுவதைத் தவிர்க்கும் முஸ்லிம் அண்டைவீட்டார் இருந்தால் நாங்கள் அடுத்ததில் ஏறுகிறோம். பயப்படுகிறவர் எதிரே வந்தால் புல்லில் இறங்கி மிளகை உட்காரவைக்கிறேன்.

ஓட இடம் இல்லாத இளம் நாய் வீட்டைக் கடித்துக் குதறும், இரவெல்லாம் குரைக்கும், புகார் வரும், கடைசியில் யாரிடமாவது திருப்பிக் கொடுக்கப்படும். தடை வேண்டாம் என்று நான் கேட்பது அதனால்தான்.

அந்த வாசகருக்கு ஒரு செய்தி. காலையில் காலாங் ஆற்றோரம் ஆரஞ்சுப் பட்டை கட்டிய கறுப்பு நாயைப் பார்த்தால் அது மிளகு. எனக்கு இடப்பக்கம், புல்லோரமாக ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் எங்களுக்கு வலப்பக்கமாகத் தாராளமாகக் கடந்து போகலாம். கயிறு பாதைக்கு வராது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அங் மோ கியோ