எனக்குப் பின்னால் நின்றவனுக்கு

மதுரை
ஞாயிறு காலை

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. கடையில் வேலைக்கு இருக்கும் பையன் ஊருக்குப் போய்விட்டான், அதோடு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று சாயங்காலமே, "சார்ஜாக்காரன் எப்ப வர்றானாம்?" என்று உன்னைத்தான் கேட்டாள். சித்திரைத் திருவிழாவுக்கு வருவாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய்யாக்கிவிடாதே.

உன் மகன் விஷயத்துக்கு வருகிறேன். போனில் ஃபுட்பால் ஆடும்போது ஆட்களைப் பின்னாலிருந்து முன்னாலாக 4-3-3, 4-2-3-1 என்று மாற்றி மாற்றி நிறுத்திப் பார்க்கிறவன், "நீங்க எந்த ஃபார்மேஷன்லப்பா ஆடுனீங்க?" என்று கேட்டானாம். நீ "எங்க காலத்துல அதெல்லாம் கிடையாது" என்று சொல்லிவிட்டாயாம். அப்படிச் சொல்லாதே, மாப்ள. நம் கோச் போர்டில் எழுதியது 4-4-2. ஆனால் விசில் அடித்த இரண்டாவது நிமிஷமே நீ பத்தடி பின்னால் இறங்கி, பின்வரிசையின் நடுவில் தடுத்து நிற்கும் இரண்டு ஸ்டாப்பர்களுக்கு முன்னால் போய் நின்றுவிடுவாய். நான் எட்டாம் நம்பர் பனியனோடு முன்னால் ஓடிக்கொண்டிருப்பேன். அதை இன்றைக்கு எழுதினால் 4-1-3-2. அதில் வரும் அந்த 1 நீதான். மகனிடம் அப்படியே சொல்.

ஸ்டாப்பர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நம் பக்கத்துப் பழைய ஆட்டக்காரர்கள் ஸ்டாப்பரையே சென்டர் ஹாஃப் என்றும் சொல்வார்கள். பின்னால் நிற்கிறவருக்கு எப்படி ஹாஃப் என்று பேர் வந்தது என்று நாம் யோசித்ததே இல்லை. ஆதியில் 2-3-5 ஆடினார்கள்: பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐந்து பேர். அந்த மூவரில் நட்ட நடுவே நின்றவர்தான் சென்டர் ஹாஃப். ஆட்டமே அவர் காலில்தான் இருந்தது. 1925இல் ஆஃப்சைடு விதியை மாற்றினார்கள். அதுவரை பந்து வாங்கப் போகிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணி ஆள், கோல்கீப்பரையும் சேர்த்து, மூன்று பேராவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆஃப்சைடு என்று விசில் அடித்துவிடுவார்கள். இனி இரண்டு பேர் போதும் என்றார்கள். கோல்கள் குவிந்தன. அப்போது இங்கிலாந்தின் ஆர்சனல் அணிக்கு மேனேஜராக இருந்த ஹெர்பர்ட் சாப்மன், சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து பின்வரிசையில் நின்ற இரண்டு பேக்குகளுக்கு நடுவே நிறுத்திவிட்டார். ஆள் இடம் மாறினார், பேர் மட்டும் பழைய இடத்துப் பேராகவே தங்கிவிட்டது. அன்றைக்குக் காலியான அந்த நடு இடத்தை யாரை வைத்து நிரப்புவது என்றுதான் நூறு வருஷமாக கோச்சுகள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

1953 நவம்பரில் வெம்ப்ளியில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று அடித்ததே, அதுவும் அந்த இடத்தை வைத்துத்தான். ஹங்கேரியின் ஹிடெக்குட்டி பேருக்கு சென்டர் ஃபார்வர்டு, முன்வரிசையின் நடு ஆள். ஆனால் மேலே நிற்காமல் நடுவுக்கு இறங்கி வந்துவிட்டார். அவரைப் பிடிக்க வேண்டிய இங்கிலாந்து ஸ்டாப்பர் ஹாரி ஜான்ஸ்டனுக்கு ஒன்றும் ஓடவில்லை. கூடவே போனால் முதுகுக்குப் பின்னால் மைதானம் திறந்து கிடக்கிறது. போகாவிட்டால் இவர் தனியாக நின்று பந்து வாங்குகிறார். ஹிடெக்குட்டி மூன்று கோல் போட்டார். 2009 மே மாதம் ரியல் மாட்ரிட் மைதானத்தில் பார்சிலோனா 6-2 என்று ஜெயித்தபோது மெஸ்ஸி செய்ததும் அதே வேலைதான். இதைப் பையன்களிடம் சொன்னால் "தாத்தா காலத்து ஆட்டமா சார்?" என்று கண்ணை விரிக்கிறார்கள்.

பையன்களைப் பற்றிச் சொல்லவில்லையே. கடை திறக்க ஒன்பதரை ஆகிவிடும் என்பதால், காலை ஆறு மணிக்கு அரசரடி பக்கம் இருக்கும் மைதானத்துக்குப் போய்விடுகிறேன். இருபது பேர் வருகிறார்கள். அதில் ஆறு பேர் பெண் பிள்ளைகள். நம் காலத்தில் இதை நினைத்தே பார்த்திருக்க முடியாது. மதுரையின் சேது எஃப்சி 2018-19 இந்திய மகளிர் லீக்கை ஜெயித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். லூதியானாவில் நடந்த ஃபைனலில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று. சேதுவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன், இந்திய அணியின் மிட்ஃபீல்டர், கடலூர்ப் பெண், நம் மாநிலத்துப் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். இந்தப் பிள்ளைகளுக்கு அவர் பேர் தலைகீழ்ப் பாடம்.

மேலூர் பக்கத்திலிருந்து ஒரு பையன் முதல் பஸ் பிடித்து வருகிறான். வயது 14, ஒல்லி. காலில் பந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் பந்து வரும்போது பந்தைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டான். வாங்கித் திரும்புவதற்குள் எதிராளி முதுகில் வந்து மோதிவிடுவான். திட்டிப் பயனில்லை என்று ஒரு பயிற்சி வைத்தேன். ஒருவன் பாஸ் போடுவான். இவனுக்குப் பின்னால் நான் நின்று விரல் காட்டுவேன். பந்து காலுக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை விரல் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் பத்துக்கு ஒன்றுகூடச் சரியில்லை. எண்ணைச் சொன்னால் பந்து காலுக்கடியில் போய்விடும், பந்தைப் பிடித்தால் எண் தப்பு. மூன்றாம் வாரம் ஒரு நாள், பந்து பாதி தூரம் வருவதற்குள் "மூணு" என்று கத்திவிட்டு, பந்தைத் தொட்ட தொடுதலிலேயே என் வலப்பக்கம் திரும்பிப் போய்விட்டான். இரண்டு முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்திருக்கிறான். நான்தான் அதைக் கவனிக்கவில்லை. சாவி என்று பார்சிலோனாவில் ஒருவர் இருந்தாரே, அவர் ஆட்டத்தைப் பந்தை விட்டுவிட்டு அவர் தலையை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு தடவை பார். திரும்பிக்கொண்டே இருக்கும்.

ஃபார்மேஷனைச் சொல்லிக்கொடுக்க போர்டெல்லாம் வைத்துக்கொள்வதில்லை. மண்ணில் குச்சியால் ஆடுபுலி ஆட்டக் கட்டம் போட்டேன். என் அப்பத்தா கோயில் மண்டபத் தரையில் கரியால் போட்டு நமக்குச் சொல்லிக்கொடுத்த அதே கட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி எப்போது ஆட்டை வெட்டும்? ஆட்டுக்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால்தான் தாண்டி வெட்ட முடியும். பின்னால் இன்னொரு ஆடு நின்றால் புலி முறைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். "பின்னாடி நிக்குற ஆடு என்னடா செஞ்சுச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணும் செய்யல சார், சும்மா நிக்குது" என்றான் ஒருவன். மேலூர்ப் பையன் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அது நிக்கிறதாலதான் முன்னாடி ஆடு உயிரோட இருக்கு." அந்தக் கணம் உன் ஞாபகம் வந்தது, மாப்ள. சத்தியமாகச் சொல்கிறேன், தொண்டை அடைத்துவிட்டது.

அதற்கு அப்புறம் மக்கெலேலே கதையைச் சொல்வது சுலபமாகிவிட்டது. 2003இல் ரியல் மாட்ரிட் பெக்காமை வாங்கிய அதே கோடையில், ஸ்டாப்பர்களுக்கு முன்னால் உன் இடத்தில் நின்ற மக்கெலேலேயை இங்கிலாந்தின் செல்ஸிக்கு விற்றது. ஃபீகோ, ஜிடான், ரவுல், பிரேசில் ரொனால்டோ எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். ஆனால் அடுத்த மூன்று சீசனும் லீக் பட்டம் கிடைக்கவில்லை. இங்கே செல்ஸியில் கோச் மொரின்யோ மக்கெலேலேயைப் பின்னால் நிறுத்தி 4-3-3 ஆடினார். இங்கிலாந்தில் பெரும்பாலும் 4-4-2 காலம் அது, நடுவில் இருவர்தான் நிற்பார்கள். இரண்டு பேர் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டால் மூன்றாவது ஆளாக மக்கெலேலே சும்மா நிற்பார், பந்து அவரிடம் போகும். அவரைப் பிடிக்க எதிரணி ஃபார்வர்டு ஒருவர் இறங்கி வந்தால் செல்ஸி ஸ்டாப்பர்களுக்கு வேலை குறைந்துவிடும். சைடில் இருப்பவர் உள்ளே வந்தால் செல்ஸி பேக்குக்கு வழி திறந்துவிடும். எப்படிப் போனாலும் ஓரிடத்தில் ஓர் ஆள் கூடுதல். 2004-05 லீக்கில் 38 ஆட்டங்களில் செல்ஸி வாங்கிய கோல் 15தான்.

இப்போது இதையும் தாண்டிப் போய்விட்டார்கள். 2023இல் மான்செஸ்டர் சிட்டியில் ஸ்டாப்பர் ஜான் ஸ்டோன்ஸ், பந்து தங்கள் அணிக்கு வந்ததும், நடுவில் உன் இடத்தில் நிற்கும் ரோட்ரி பக்கத்தில் போய் நின்றுகொள்வார். பந்து போனதும் பின்னால் திரும்பிவிடுவார். உன் மகன் சொல்கிற 3-2-4-1 அதுதான். பந்து இருக்கும்போது ஒரு ஃபார்மேஷன், இல்லாதபோது வேறொன்று. அவனிடம் சொல், திரையில் காட்டும் எண்களை விட யார் எப்போது எங்கே நகர்கிறார்கள் என்று பார்க்கச் சொல்.

சரி, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே வேறொன்றைச் சொல்லத்தான்.

2024 ஜூலையில் யூரோ ஃபைனல் பார்த்தோமே, உனக்கு ராத்திரி 11, எனக்கு 12.30. ஸ்பெயின், இங்கிலாந்து. முதல் பாதி 0-0. இடைவேளை முடிந்து வரும்போது ஸ்பெயின் அணியில் ரோட்ரி இல்லை, காயம். நீ அப்போதே "போச்சு" என்று மெசேஜ் போட்டாய். நான் பதில் போடவில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன். அந்த நிமிஷம் நான் திண்டுக்கல்லில் இருந்தேன்.

அங்கே நாம் ஆடிய அந்த ஃபைனலிலும் இடைவேளைதான். நாம் 1-0 என்று முன்னால் இருந்தோம். கோச் உன்னைப் பார்த்து, "நீ ஓடவே மாட்டேங்குற, உட்காரு" என்று சொல்லி இன்னொரு ஃபார்வர்டை இறக்கினார். நீ பூட்ஸ் லேஸைக் கழற்றாமல் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாய். நான் கேப்டன். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரெண்டாம் பாதியில் நமக்கு ஐந்து பேர் முன்னால், நடுவில் ஒரே பொட்டல். அவர்கள் மூன்று கோல் போட்டார்கள், மூன்றும் நீ நிற்கிற இடத்தின் வழியாக வந்தவை. திரும்பும் பஸ்ஸில் நீ ஜன்னல் ஓரம். வாடிப்பட்டி தாண்டும்வரை நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அப்புறம் நீ உன் புரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என்னிடம் நீட்டினாய்.

ஸ்பெயின் கோச் டி லா ஃபுவென்டே அன்றைக்கு ரோட்ரிக்குப் பதிலாக சுபிமெண்டியை இறக்கினார், அதே வேலை தெரிந்த ஆள், அதே இடம். இரண்டு நிமிஷத்தில் முதல் கோல் விழுந்தது, 2-1 என்று கோப்பையையும் ஜெயித்தார்கள். இரண்டு மாதம் கழித்து சிட்டியில் ரோட்ரிக்கு முழங்கால் லிகமென்ட் கிழிந்தது. அங்கே அவருக்குப் பதில் ஆள் இல்லை. தொடர்ந்து நான்கு வருஷம் லீக்கை ஜெயித்த அணி, அந்த இலையுதிர் காலத்தில் வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்றது. சீசன் முடிவில் மூன்றாம் இடம். பாரிஸில் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் டோர் விருது வாங்க ரோட்ரி ஊன்றுகோலோடு மேடை ஏறியதைப் பார்த்தபோது, இந்த இடத்தில் நிற்கிறவனுக்கும் ஒரு நாள் உலகம் எழுந்து கைதட்டுகிறதே என்று அழுதுவிட்டேன்.

நான் அன்றைக்கு கோச்சிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். உனக்காக மட்டும் சொல்லவில்லை. ஆட்டம் எனக்குத் தெரிந்திருந்தால் பேசியிருப்பேன். எனக்குத் தெரியவில்லை, மாப்ள. நான் துணிந்து முன்னால் ஓடியதெல்லாம் நீ பின்னால் நின்றதால்தான் என்று புரிய இத்தனை வருஷம் ஆயிருக்கிறது. மன்னித்துக்கொள்.

இப்போது ஒரு உதவி வேண்டும். மேலூர்ப் பையனை உன் இடத்தில் நிறுத்தப் போகிறேன். பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டான். ஆனால் உடம்பை வைத்துக்கொள்ளும் விதம் வரவில்லை. ஸ்டாப்பரிடமிருந்து பந்து வரும்போது நேராக அவரைப் பார்த்தே நின்றுவிடுகிறான். பாதி திரும்பி, மைதானம் முழுக்கத் தெரிகிற மாதிரி நிற்கத் தெரியவில்லை. நீ அப்படி நிற்பாய் என்று எனக்குத் தெரியும், பந்து என் காலுக்கு வந்து சேர்ந்த வேகத்தை வைத்துச் சொல்கிறேன். ஆனால் பந்து உன்னிடம் வரும் நேரம் உன் இடது கால் எங்கே இருக்கும்? முன்னாலா, பின்னாலா? நான் எப்போதும் உனக்கு முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருந்தேன், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எழுது. முடிந்தால் சித்திரையில் வந்து நின்று காட்டு.

அன்புடன்,
உன் எட்டாம் நம்பர்