வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு 11 கூட்டங்கள் நடந்தன. ஒன்று மழையால் தள்ளிப்போனது. பழைய புத்தகம் சேகரிப்பு வழக்கம்போல்.

'நியூட்டனின் மனிதர்கள்' உரைத் தொடர் நான் இழுத்துப் போட்டுக்கொண்டது. அவர் வீட்டுக் கதை நமக்கெதற்கு என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். சரி, சொல்கிறேன். அவர் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே அப்பா போய்விட்டார். அந்த மனிதருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பையனுக்கு மூன்று வயதானபோது அம்மா ஹன்னா, ஸ்மித் என்ற பாதிரியாரை மணந்து பக்கத்து ஊருக்குப் போக, அவன் பிறந்த ஊரான வுல்ஸ்தோர்ப்பில் பாட்டியிடம் வளர்ந்தான். அம்மாவையும் ஸ்மித்தையும் வீட்டோடு கொளுத்திவிடுவதாக மிரட்டியதை 1662இல் தன் பாவப் பட்டியலில் எழுதிவைத்தான். அதே ஸ்மித் விட்டுப்போன தடித்த நோட்டின் வெற்றுப் பக்கங்களில்தான் பின்னால் நுண்கணிதம் போட்டுப் பார்த்தார். அதில் ஒரு பக்கத்தைப் பெரிதாக அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். மறுவாரம் அதன்மேல் யோகா வகுப்பு நோட்டீஸ்.

முதல் வாரம் 23 பேர் வந்தார்கள். நான்காம் வாரம் 6 பேர். அதில் ஒருவர் கதவைப் பூட்ட வந்தவர். அன்றைக்குத்தான் எல்லோரும் வந்திருக்க வேண்டும். மீன்களைப் பற்றிய புத்தகம் போட்டு லண்டன் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டி கையைச் சுட்டுக்கொண்டதால், 1687இல் இயக்கத்தையும் ஈர்ப்பையும் பற்றிய நியூட்டனின் நூல் 'பிரின்சிபியா'வை அச்சிட வானியலாளர் எட்மண்ட் ஹாலி கைக்காசு போட்டார். அங்கே எழுத்தராக இருந்த அவருக்குச் சம்பளத்துக்குப் பதில் விற்காத மீன் புத்தகங்களையே கொடுத்தார்கள். அதற்கும் முன்பு, 1673இல் நியூட்டன் சொசைட்டியிலிருந்து விலகுகிறேன் என்று எழுதியபோது, வாரம் ஒரு ஷில்லிங் சந்தாவைத் தள்ளுபடி செய்யப் பார்க்கிறேன் என்று சமாதானம் பேசியவர் அதன் செயலாளர் ஓல்டன்பர்க். செயலாளர் பாடு எக்காலத்திலும் இதுதான் போலும்.

நம்மில் 41 பேரில் 17 பேர் சந்தா பாக்கி. விலகுவதாகவும் யாரும் எழுதவில்லை. அவர்களில் நியூட்டன் யாராவது இருந்தால் பொருளாளரிடம் சொல்லுங்கள், தள்ளுபடி செய்துவிடலாம்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. அச்சுச் செலவு கொஞ்சம் கூடியது உண்மைதான். விவரம் தணிக்கைக்குப் பிறகு. இடம் தந்த பள்ளிக்கும், தேநீர் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, ஆப்பிள் கதை பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் காதுவரை போகக் காரணமான, நியூட்டனின் தங்கை மகள் கேதரின் பார்ட்டனைப் பற்றிப் பேச ஆசை, நாற்காலி போட ஆள் கிடைத்தால். செயலாளர் பொறுப்பை வேறு யார் ஏற்க முன்வந்தாலும் மகிழ்ச்சியே. சாவியும் ரசீதுப் புத்தகமும் இப்போதும் என் பையில்தான் இருக்கின்றன.

செயலாளர்